காட்டுவழி காப்போர்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் புறத்தே, ஜோர்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையிலே தொடங்கி, வடக்கே மெயின் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்திலே முடிகின்ற ஓர் ஒற்றையடிப்பாதை உண்டு. 14 மாநிலங்களை ஊடறுத்து, ஏறத்தாழ 2,200 மைல் நீண்டு கிடக்கும் அதற்கு அப்பலாச்சியன் நெடும்பாதை என்பது பெயர். வண்டி வாகனம் எதுவும் அதிற் செல்லலாகாது. கால்நடையாய்ச் செல்வோர்க்கே அஃது உரியது. ஆறு மாதமளவில் அதனை முற்றாக நடந்து தீர்ப்போரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அவர்கள் நடப்பதற்குப் பாதை என ஒன்று அங்கே இருந்துகொண்டிருப்பது எங்ஙனம் என எண்ணிப் பார்ப்போர் சிலரே.

காட்டிலே ஒருமுறை வழி வெட்டிவிட்டால் அது கிடந்தபடி கிடக்கும் என எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் கை வையாது விட்டால் புதர் மூடிவிடும்; காற்றில் விழுந்த மரங்கள் குறுக்கே கிடக்கும். இவற்றினும் பொல்லாதது மழைநீர். சரிவிலே மனிதர் கால் பட்டுத் தேய்ந்த தடம் நீருக்கு வாய்க்கால் ஆகிவிடுகின்றது. மண் அரிபட, வேர்கள் வெளித் தோன்ற, நடப்போர் சேற்றுக்கு அஞ்சி ஓரமாய் விலகி நடப்பர். அவ்விலகலாற் செடிகள் மிதிபட்டு, ஓரடி அகலத் தடம் பத்தடி அகலப் புண்ணாகும். காட்டின்மேற் காதல் கொண்டு வருவோரே காட்டினை அழிக்கும் விந்தை இதுதான்.

ஆகவே, இப்பாதை காப்போரின் தலையாய தொழில் நீரை வெளியேற்றுதலேயாம். தடத்திற்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல்லையோ மரத்துண்டையோ பதித்து வரம்பு அமைப்பர். இறங்கி வரும் நீர் அதிலே முட்டிப் பக்கத்துக் காட்டினுள் வழிந்தோடும். வயல் வரம்பு கட்டி அறிந்த நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், அலவாங்கினால் நெம்பிப் பெருங்கல்லொன்றை மலைச்சரிவிலே அசையாது இருத்துவதற்கு நால்வரின் அரைநாள் உழைப்பு வேண்டும். பருவந்தோறும் வரம்பின் வாயிலே அடையும் இலையையும் மண்ணையும் வாரிவிடவும் வேண்டும். இவ்வேலையைச் செய்பவர் கூலியாளர் அல்லர். ஆசிரியர், தச்சர், எழுதுவினைஞர், ஓய்வுபெற்ற முதியோர் எனப் பலரும் விடுமுறை நாளில் மண்வெட்டியோடு வந்து செய்கின்றனர்.

இப்பாதையைக் கனவு கண்டவர் பென்டன் மக்காய் என்னும் வனவியலாளர். ஆலை நகரங்களிலே உழன்று களைத்த மக்கள் மலைமீதேறி மூச்சு விடுதற்கு ஓரிடம் வேண்டும் என்று 1921ஆம் ஆண்டிலே அவர் எழுதினார். 1925இல் வாஷிங்டனிலே அதற்கென ஓர் அவை கூடியது. கனவினைத் தரையில் இறக்கியவரோ மைரன் ஏவரி என்னும் வழக்கறிஞர். துவிச்சக்கர வண்டிச் சில்லொன்றிலே அளவுகருவி பூட்டி, அதனைத் தள்ளியபடியே மலைகளெங்கும் நடந்து பாதையை அளந்தவர் அவர். ஷெனன்டோவா மலைமுகட்டிலே அரசினர் மோட்டார் வீதி அமைத்தபொழுது, அதனை எதிர்த்தல் வேண்டும் என்றார் மக்காய். பாதையைச் சற்று விலக்கி அமைத்துப் பணியைத் தொடரலாம் என்றார் ஏவரி. இருவர் நட்பும் அத்தோடு முறிந்தது. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. எனினும், 1937 ஓகஸ்ட் மாதத்திலே பாதையின் முனையோடு முனை இணைந்தமைக்கு ஏவரியின் பிடிவாதமே பெரிதும் காரணம் எனல் வேண்டும்.

இணைந்த பாதை நிலைத்ததா? மறு ஆண்டே பெரும் புயலொன்று வடகிழக்கு மாநிலங்களைத் தாக்கியது. பின்னர் உலகப்போர் வந்தது. மண்வெட்டி பிடித்த கைகள் துப்பாக்கி பிடிக்கச் சென்றன. 1955இல் எம்மா கேட்வுட் என்னும் 67 வயது மூதாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், தாமே தைத்த பையொன்றைத் தோளில் மாட்டித் துணிச் சப்பாத்து அணிந்து தனியே புறப்பட்டார். சஞ்சிகை ஒன்றிலே பாதையைப் புகழ்ந்து எழுதியிருந்ததைப் படித்து நம்பி வந்தவர் அவர். வழி புதர் மண்டியிருந்தது; தங்குகுடில்கள் சில இடிந்து கிடந்தன. நிருபர்கள் வந்து கேட்டபொழுது, அந்த அம்மையார் கண்டதை ஒளிக்காமற் சொல்லிவிட்டார். பாதையைப் பேணுவதிலே அக்கறை மீண்டும் துளிர்க்க அச்சொற்கள் துணை செய்தன என்பர்.

1968இலே இதனைத் தேசியப் பாதை எனச் சட்டம் ஆக்கினர். 1978இலே பாதையின் இருமருங்கும் நிலம் வாங்குவதற்கு 9 கோடி டொலர் வரை செலவிட அனுமதி கிடைத்தது. 1984ஆம் ஆண்டிலே நிகழ்ந்ததோ அரசியல் வரலாற்றிலே அரிய செயல். பொதுப்பணத்தால் வாங்கிய நிலத்தின் நாளாந்தப் பராமரிப்பை, தேசியப் பூங்காச் சேவையினர் மேற்சொன்ன அவையிடமே எழுத்து மூலம் ஒப்படைத்தனர். அதன்கீழ் ஏறத்தாழ 30 சங்கங்கள் பாதையைக் கூறு கூறாய்ப் பங்கிட்டுக் காக்கின்றன. ஒரு சில மைல் நீளம் இன்னாருடைய பொறுப்பு என்று குறித்த ஆளிடம் விடப்பட்டிருக்கும். பொதுவானது யாருக்கும் உரியதன்று என்று கைவிடப்படும் நிலை இங்கே நேராமைக்கு இந்த ஏற்பாடே காரணம் போலும்.

அப்பொறுப்பிலே அழகிய வேலையும் உண்டு. அருவருக்கத்தக்க வேலையும் உண்டு. இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பூச்சினை மரங்களிலே தீட்டி வழிகாட்டுதல் முன்னது; தங்குகுடில்களின் அருகேயுள்ள மலகூடங்களைத் துப்புரவு செய்தல் பின்னது. பின்னதைச் செய்யாவிடின், சுற்றியுள்ள ஊற்றுநீர் எல்லாம் நஞ்சாகும். 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி வனாந்தரம் எனக் குறிக்கப்பட்ட இடங்களிலே இயந்திர வாள் பாவித்தல் பொதுவாகக் கூடாது. அங்கே விழுந்த மரத்தை, இருவர் எதிரெதிர் நின்று இழுக்கும் கைவாளினால் அரிகின்றனர். மெயின் மாநிலத்துக் கெனபெக் ஆற்றிலோ பாலமில்லை. மேலேயுள்ள அணைக்கட்டிலிருந்து நீர் எந்நேரமும் பாயக்கூடும். ஆதலால் நடப்போரைத் தோணியில் ஏற்றி அக்கரை சேர்க்கின்றனர். அத்தோணியினுள்ளும் வெள்ளைக் குறி தீட்டப்பட்டிருக்கின்றது.

சம்பளமின்றி உழைப்போர் இருக்கின்றனர் என்று அரசு தன் கடமையைக் கைவிடலாமா என்று கேட்போர் உளர். அக்கேள்வி தகுதியானதே. நிலத்தை வாங்கியது பொதுப்பணம். தொண்டர்தம் கைகளால் அதனை வாங்கியிருத்தல் இயலாது. ஆயின் ஒவ்வொரு வரம்பின் வாயையும் பருவந்தோறும் சென்று பார்ப்பதற்கு எந்தத் திணைக்களமும் ஆள் அமர்த்தப் போவதில்லை.

2024 செப்ரெம்பர் இறுதியிலே ஹெலீன் என்னும் சூறாவளி தென்பகுதி மலைகளைத் தாக்கியது. பாதையிலே பல நூறு மைல் தூரத்துக்கு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து கிடந்தன. டெனசி மாநிலத்து நொலிச்சக்கி ஆற்றின்மேற் சென்ற பாலம் வெள்ளத்தோடு போயிற்று. பல தலைமுறையினர் பதித்த கல்வரம்புகள் சிலவிடங்களில் மண்ணோடு சரிந்தன. வழி திறந்ததும், அவ்வப்பகுதிச் சங்கத்தார் கோடரியும் வாளும் சுமந்து மேலேறினர். முதல் வேலையாக, விழுந்து கிடந்தவற்றைக் கணக்கெடுத்தனர். பின்பு ஒவ்வொரு மரமாக அரியத் தொடங்கினர்.