பாரிஸிலிருந்து பெர்லினுக்கு: ரயிலா, விமானமா?

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

ஒருவர் பாரிஸ் நகரிலிருந்து பெர்லினுக்குப் போகவேண்டும். ரயிலில் போவதா, விமானத்தில் போவதா? இதை இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். “இதற்கெல்லாம் ஒரு வகுப்பா? அவரவர் சௌகரியத்தைப் பார்த்துப் போகிறார்கள்” என்று சில தோழர்கள் நினைக்கலாம். அந்தச் சௌகரியத்தைத் தீர்மானிப்பது யார் என்பதே நமது கேள்வி.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். ஆகாய மார்க்கத்தில் தூரம் ஏறத்தாழ 880 கிலோ மீட்டர். விமானம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் பாரிஸின் ஷார்ல் த கோல் விமான நிலையம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது. 2020-ல் திறக்கப்பட்ட பெர்லின் விமான நிலையமும் நகர எல்லைக்கு அப்பால்தான். போய்ச் சேரவேண்டும், சோதனைக்கு வரிசையில் நிற்கவேண்டும், பெட்டிக்குக் காத்திருக்கவேண்டும். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம்.

2024 டிசம்பரில் தொடங்கிய நேரடிப் பகல் ரயில், பாரிஸ் கிழக்கு ஸ்டேஷனில் புறப்பட்டு, ஸ்ட்ராஸ்பூர்க், கார்ல்ஸ்ரூ, பிராங்க்பர்ட் வழியாகச் சுமார் எட்டு மணி நேரத்தில் பெர்லின் நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. ஆக, வித்தியாசம் மூன்று மணி நேரம். ராத்திரி ரயில் இருந்தால் அந்த வித்தியாசமும் மறைந்துபோகும். படுத்துத் தூங்கி எழுந்தால் பெர்லின்! ஒரு பகலும் வீணாகாது. விடுதி வாடகையும் மிச்சம்.

அந்த ராத்திரி ரயிலுக்கு என்ன நேர்ந்தது? 2014 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே அதை நிறுத்திவிட்டது. 2016 டிசம்பரில் தன் மற்றப் படுக்கை ரயில்களையும் கைவிட்டது. 2023 டிசம்பரில் ஆஸ்திரிய ரயில்வே அதை மறுபடி ஓட்டத் தொடங்கியது. இரண்டு வருஷம் ஓடியது. பிரெஞ்சு சர்க்கார் மானியத்தை நிறுத்தியது. 2025 டிசம்பரில் ரயிலும் நின்றது.

“மானியம் கொடுத்தா ரயில் ஓட்டுவது? சொந்தக் காலில் நிற்க முடியாதது போகட்டுமே!” என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் கேட்கும். நல்லது. விமானம் சொந்தக் காலிலா நிற்கிறது?

அந்நிய நாட்டு விமானம் தன் தொட்டியில் கொண்டுவரும் எண்ணெய்க்குத் தீர்வை கிடையாது என்று 1944-ல் சிக்காகோவில் உடன்பாடு செய்தார்கள். ஐரோப்பிய யூனியனின் 2003-ஆம் வருஷச் சட்டம் வர்த்தக விமான எண்ணெய்க்கு வரிவிலக்கு அளித்தது. அதை மாற்ற 2021-ல் ஒரு யோசனை வந்தது. எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்பவேண்டும் என்பதால் அது இழுபட்டுக்கொண்டே போயிற்று. சில நாடுகள் விமான டிக்கெட்டின் மீது வரி போடுகின்றன, உண்மை. ஆனால் ரயிலோ தான் ஓடும் ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் தண்டவாள வாடகை கட்டுகிறது. ஆகாயத்துக்கு ஏது தண்டவாளம்?

2020-ல் கொள்ளைநோய் வந்து விமானங்கள் தரையில் நின்றபோது என்ன செய்தார்கள்? ஏர் பிரான்ஸ் கம்பெனிக்கு நேர்க்கடனாகவும் சர்க்கார் ஜாமீனிலும் 700 கோடி யூரோ. லுப்தான்ஸாவுக்கு 900 கோடி யூரோ. “அது கடன்தானே, அடைபடாதா?” என்பார்கள். இருக்கட்டும். விழும்போது தாங்கிப் பிடித்தது யாருடைய பணம்? ஜனங்களின் பணம் அல்லவா? ராத்திரி ரயிலுக்கு மட்டும் அந்தக் கை ஏன் நீளவில்லை?

மலிவான டிக்கெட்டின் விலையில் இன்னொரு பகுதியைத் தொழிலாளி கொடுக்கிறான். 1980-களில் தோன்றிய ரையன் ஏர் கம்பெனி, 2017 டிசம்பரில், விமானிகள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பிறகுதான் அவர்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சம்மதித்தது. அதற்காக ரயில்வே ஒரு சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. 2018-ல் பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அப்படியும் 2020 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழைய வேலைப் பாதுகாப்பு பறிக்கப்பட்டது.

அப்படியானால் எதில் போவது? இரண்டு நாள் லீவில், தாயின் சாவுக்கு ஓடுகிற கட்டடத் தொழிலாளி விமானத்தில்தான் போவான். “நீ பூமியைக் கெடுக்கிறாய்” என்று அவனுக்கு உபதேசம் செய்வது நமது வேலையல்ல. நேரமும் வசதியும் உள்ளவர்கள் ரயிலில் போகட்டும். மின்சார ரயில் கக்கும் கரி, விமானத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் தனி மனிதரின் நல்லெண்ணத்தை நம்பி ஒரு ரயிலை ஓட்டமுடியாது.

யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற கூட்டுறவு நிறுவனம், 2026 மார்ச் முதல் பாரிஸ்–பெர்லின் ராத்திரி ரயிலைத் தானே ஓட்டப்போவதாக 2025-ல் அறிவித்தது. சிறு சேமிப்புக்காரர்களின் இந்த முயற்சியை வரவேற்கிறோம். அதே சமயம், கோடிக்கணக்கில் விமானக் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்திய சர்க்கார்கள் செய்யவேண்டிய வேலையைச் சாமான்யர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டுச் செய்யவேண்டியிருப்பது ஏன் என்றும் கேட்கிறோம்.

தோழர்களே! பிரயாணி டிக்கெட் வாங்கப் போகும்போது, தீர்மானத்தின் பாதி ஏற்கெனவே முடிந்துவிடுகிறது. அதை முடித்தவர்கள் மந்திரி சபைகளிலும் கம்பெனி டைரக்டர்கள் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணெய்க்கு வரி, ரயிலுக்குப் பொதுப்பணம், இரண்டிலும் உழைப்பவருக்குச் சங்க உரிமை: இவற்றைப் போராடிப் பெற்றால்தான் அந்தக் கட்டடத் தொழிலாளிக்கும் “ரயிலா, விமானமா?” என்ற கேள்வி உண்மையான கேள்வியாக இருக்கும்.