தைப்பூசத்துக்கு உங்களுக்கு லீவு உண்டா மச்சான்?

அவைத்தலைவர் அவர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், பின்னால் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே 'நல்லா இருந்தா நிப்போம், இல்லேன்னா கிளம்புவோம்' என்று நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் புது ஆயக்குடிக்காரர். பேசி முடித்து இறங்கும்போது என் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "இனிமே நீங்க பழைய பாட்டைப் பாடுங்க." நான் பழைய ஆயக்குடி. அதைத்தான் குத்திக் காட்டுகிறார். இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லைக்கல்லும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. ஆனால் பேச்சு மட்டும் எப்போதும் உண்டு. திருவிழா வந்தால் உங்கள் பக்கம் பந்தல் சிறிசு, எங்கள் பக்கம் கூட்டம் பெரிசு. நான் இதில் கோபப்படுவதில்லை. கோபப்பட்டால் அடுத்த வருஷம் யாரும் என்னைக் கேலி பேச மாட்டார்கள்.

நம் பக்கத்தில் யாரை யார் கேலி பேசலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பங்காளியைக் கேலி பேசினால் பஞ்சாயத்து, மச்சானைக் கேலி பேசினால் பந்தி. காதுகுத்துக்குச் சீர்த்தட்டோடு வருகிற மாமனை "தட்டு பெரிசா இருக்கு, தங்கம் எங்கே?" என்று கேட்கலாம். அவர் சிரித்தாக வேண்டும். அதே கேள்வியைப் பங்காளியிடம் கேட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. நாடுகளுக்கும் இப்படி முறை உண்டு. சில நாடுகள் மாமன் மச்சான், சில நாடுகள் பங்காளி.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், மலேசியாவில் ஜொகூர் பாருவில் இருக்கிறார். என் தங்கையைக் கட்டியவர் சிங்கப்பூரில். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு பாலம். 1924-ல் திறந்தது. ஆயக்குடியிலிருந்து பழனி அடிவாரத்துக்குப் போகிற தூரத்தில் பாதிகூட வராது. ஆனால் தைப்பூசம் வந்தால் அந்தப் பாலத்தின் இந்தப் பக்கம் லீவு, அந்தப் பக்கம் வேலை நாள்.

ஜொகூரில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. பினாங்கு, பேராக், சிலாங்கூரிலும் உண்டு. கோலாலம்பூருக்கு 2008-ல்தான் வந்தது. சிங்கப்பூரிலும் முன்பு இருந்தது. 1968-ல் விடுமுறைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். நாடு பிறந்து மூன்றே வருஷம். பிரிட்டிஷ் படைகள் கிளம்பப் போகின்றன, அவற்றை நம்பி நடந்த பிழைப்பும் போகப் போகிறது. நாளெல்லாம் உழைத்தால்தான் சோறு என்ற நிலை. ஒவ்வொரு சமயத்தாரும் சில விடுமுறைகளை விட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போனது, நபிகள் பிறந்தநாள் போனது. இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தைக் கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் அங்கே காவடி எடுக்கிறவர் முதலில் மேலாளரிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முருகனிடம் போகிறார்.

இந்த இடத்தில்தான் என் அண்ணனுக்குத் தொண்டை திறக்கும். தை மாதம் பிறந்ததும் போன் போடுவார். "மாப்ளே, பூசத்துக்கு உங்களுக்கு லீவு உண்டா?" தெரிந்தே கேட்பது. மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "எங்க நாட்ல வேலை இருக்கு மச்சான், அதான் லீவு இல்ல."

அடுத்த அடி அண்ணன் வைப்பார்: "உங்க ஊர்வலத்துல மேளம் அடிக்கக்கூட விட மாட்டாங்களாமே, காவடி என்ன மௌன விரதமா?" பல ஆண்டுகள் சிங்கப்பூரில் அப்படித்தான் தடை இருந்தது. அண்மை ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியிருக்கிறார்கள். அதனால் மாப்பிள்ளை இப்போது நிமிர்ந்து பதில் சொல்கிறார்: "இப்ப அடிக்கிறோம். அந்தப் பாலத்துல நின்னீங்கன்னா உங்களுக்கே கேக்கும்."

பிறகு மாப்பிள்ளையின் முறை. மலேசியாவில் லீவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது சிங்கப்பூர்க்காரர்களின் பழைய கேலி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2017-ல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா முதலிடம் பிடித்தது, நாடு முழுக்க ஒரு நாள் லீவு விட்டார்கள். 2018 மே மாதம் ஆட்சி மாறியது, இரண்டு நாள். 2022 நவம்பரில் அன்வார் இப்ராகிம் பிரதமரானார், 28-ந் தேதி லீவு. "பந்து விளையாடினா லீவு, பிரதமர் வந்தா லீவு. வேலைக்கு எப்ப மச்சான் போவீங்க?" என்று இவர் கேட்பார். "நீங்க நாடு பிறந்து 50 வருஷம் ஆனதுக்கு எத்தனை நாள் கூடுதலா விட்டீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்பார். ஒரே நாள். 2015 ஆகஸ்ட் 7. "ஐம்பது வருஷத்துக்கு ஒரு நாளா! உங்க கம்பெனிக்காரன் போனஸ் மாதிரி இருக்கே."

இதெல்லாம் சில்லறை. இனிமேல்தான் நோட்டு.

சிங்கப்பூரின் தேசிய நாள் ஆகஸ்ட் 9. 1965-ல் அதே நாளில் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் சிங்கப்பூரைப் பிரித்து விடுவதற்கு 126 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. லீ குவான் யூ தொலைக்காட்சியில் பேசும்போது அழுதுவிட்டார். அண்ணன் அதை இப்படிச் சொல்வார்: "நாங்க வெளிய போன்னு சொன்ன நாளைத்தானே மாப்ளே நீங்க பட்டாசு விட்டுக் கொண்டாடுறீங்க? பாடுற தேசிய கீதமும் எங்க மலாய்லதான்." இதற்குப் பதிலே கிடையாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாப்பிள்ளை கண்டுபிடித்து வந்தார். மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. 2010-லிருந்து அது அங்கே தேசிய விடுமுறை. லீ குவான் யூ பிறந்தது 1923 செப்டம்பர் 16. "எங்க தலைவர் பொறந்த நாளுக்கு உங்க நாடு முழுக்க லீவு விடுறீங்க மச்சான், ரொம்ப நன்றி" என்றார். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது.

ஒன்று கவனியுங்கள். 1964-ல் சிங்கப்பூரில் இனக்கலவரத்தில் உயிர்கள் போயின. அடுத்த வருஷம் பிரிவு. அந்த வீட்டில் அன்றைக்கு யாராவது இப்படிக் கேலி பேசியிருந்தால் அரிவாள் வந்திருக்கும். புண் ஆறி, அதன்மேல் தோல் வந்து, தோல் அரிக்க ஆரம்பித்த பிறகுதான் கேலி வரும். ஜொகூர்த் தண்ணீர் குழாயில் ஏறித்தான் சிங்கப்பூருக்குப் போகிறது. 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் கேலனுக்கு மூன்று சென். அந்த விலையைப் பற்றி இரண்டு அரசாங்கமும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. ஆனால் பரோட்டாவைப் பற்றிச் சண்டை போடும்போது மக்கள் சிரிக்கிறார்கள். மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா. யாருடையது ஒஸ்தி என்று இருவரும் மல்லுக்கட்டும்போது, திண்டுக்கல்லில் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்று வளர்ந்த நான் வாயைத் திறப்பதில்லை. பெரிய மனுஷன் நடுவில் பேசக்கூடாது.

நமக்கும் ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. நமக்கு ஆகஸ்ட் 15, அவர்களுக்கு ஆகஸ்ட் 14. 1948-ல் பாகிஸ்தான் வெளியிட்ட நினைவு அஞ்சல்தலையில் 15 ஆகஸ்ட் 1947 என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். பிறகுதான் ஒரு நாள் முன்னால் போனார்கள். "எங்களுக்கு முந்தி எழுந்திரிக்கணும்னு ஆசையா?" என்று கேட்க எவ்வளவு அருமையான இடம்! கேட்க முடிவதில்லை. அட்டாரி எல்லையில் நம் எல்லைக் காவல் படைக்காரரும் அவர்களுடைய ரேஞ்சரும் சுதந்திர தினத்தில் இனிப்புப் பெட்டி மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. உறவு கெட்டால் அது நின்றுவிடும், 2019 ஆகஸ்டில் நின்றது. அவர்கள் நமக்குப் பங்காளி முறை. பங்காளி வீட்டில் இனிப்பு மாறினாலே பெரிய விஷயம், கேலிக்கு இன்னும் காலம் வரவில்லை.

சரி, தைப்பூசத்துக்கு வருகிறேன். அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரு வருஷம் போனில் மோதிக்கொண்டிருந்தபோது, நான் நடுவராகப் புகுந்து பெருமையாக ஒரு வார்த்தை விட்டேன். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. முருகன் இருக்கறது எங்க ஊருக்குப் பக்கத்துல." இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "உங்களுக்கு லீவு உண்டா?"

அப்போது இல்லை. தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை வந்தது 2021-ல். பழனிசாமி என்று பெயர் வைத்திருந்த ஒரு முதலமைச்சர் அறிவிக்க வேண்டியிருந்தது. இதில் கட்சி பேசவில்லை, பெயர்ப் பொருத்தத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கடல் தாண்டிப் போன செட்டியார்களும் தோட்டத் தொழிலாளிகளும் காவடியைக் கையோடு கொண்டுபோனார்கள். மலேசியாவின் பத்துமலையில் 1892-லிருந்து பூசம் நடக்கிறது. மொரீஷியஸில் காவடித் திருநாள் தேசிய விடுமுறை. இலங்கையில் என் கூட்டாளி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வார்: "எங்களுக்குப் புத்தரே லீவு தாறார்." அங்கே பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. பூசமும் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது! நாம் மட்டும் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

இப்போது லீவு இருக்கிறதே என்று நிமிர்ந்தால், சில வருஷம் பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுகிறது. அண்ணனுக்கு அப்போதும் திங்கட்கிழமை ஈட்டு விடுப்பு. நமக்குப் போனது போனதுதான். இதையும் அவர் போனில் சொல்லிக் காட்டாமல் விடவில்லை.

பதிலுக்கு நான் படிக்கட்டை எடுப்பேன். "பத்துமலையில உங்களுக்கு 272 படி, பழனியில எங்களுக்கு 693." அவர் சிலையை எடுப்பார், பத்துமலை முருகன் 140 அடி, 2006-ல் திறந்தது. நான் சேலத்துக்கு ஓடுவேன். புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் எழும்பிய முத்துமலை முருகன் 146 அடி. ஆறு அடி அதிகம்! இந்த ஆறு அடியை வைத்து நான் ஒரு வருஷம் ஓட்டினேன். இரண்டு சிலையையும் செய்தது ஒரே ஆள், திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி என்று அண்ணன் தெரிந்துகொண்ட அன்றைக்கு அதுவும் முடிந்தது. "ஒரே கொத்தனார்கிட்ட வீடு கட்டிட்டு, என் வீடு உசரம்னு சொல்றியே தம்பி" என்றார்.

லீவு என்று நாம் பேசுகிறோம். நம் சாலையில் அன்றைக்கு லீவு யாருக்கு? காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடந்து வரும். அதன் முன்னும் பின்னும் லட்சக்கணக்கான கால்கள். கொப்புளம் வெடித்த காலோடு வருகிறவருக்கு நம்மூர்க் கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுக்கிற அக்காவுக்கு வருஷத்தில் பெரிய வேலை நாளே அதுதான். சந்தையில் கூடை தூக்குகிறவருக்கும் அப்படியே. அரசாணை அந்த அக்காவின் தராசுவரைக்கும் வந்து சேரவில்லை. வந்தாலும் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

கொய்யா என்றதும் ஞாபகம் வருகிறது. மலேசியாவில் அதற்கு ஜம்பு பத்து என்று பெயர், புளிப்புப் பிளம் பொடியைத் தொட்டுத் தின்பார்கள். அண்ணன் அதுதான் சரியான முறை என்பார். மாப்பிள்ளையும், அதிசயமாக, அதே கட்சி. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடும் சேர்ந்து என்னை எதிர்க்கின்றன.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். இந்த வருஷம் இருவரும் காவடிக்கு வருகிறார்கள். அண்ணன் லீவில் வருகிறார், மாப்பிள்ளை லீவு எழுதிக் கொடுத்து வருகிறார். என் வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே மின்விசிறி. அதற்கு நேர் கீழே யார் படுப்பது என்று இப்போதே போனில் தகராறு தொடங்கிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் நடுவில் நான்தான் படுக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.