குடையும் குப்பாயமும் வந்த வழி

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்துள்ள தலைப்பு, "அன்றாடப் பழக்கங்களின் பிறப்பு" என்பதாகும். இளைஞர்கள் விரும்பும் தலைப்புத்தான் இது. குடையை முதலில் பிடித்தவர் யார், இரவிக்கையை முதலில் அணிந்தவர் யார், கிராப்பு வெட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் பொது அறிவு நூல்களில் வினா விடைகள் நிறைந்து கிடக்கின்றன. பள்ளிகளில் நாமும் அவற்றை வைத்தே வினாடி வினா நடத்துகிறோம். அவற்றில் காணும் விடைகள் பெரும்பாலும் சரியானவையே. ஆயினும், ஒரு பொருளை முதலில் செய்தவர் யார் என்பது ஒரு வினா. அப்பொருளை நம் முன்னோர் அச்சமின்றிக் கையில் எடுத்தது எப்போது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டாவது வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. எனவே இன்று நாம் அதனை எழுப்பிப் பார்ப்போம்.

முதலில் குடை. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் ஆடவர் குடை பிடித்தல் இழுக்கு எனக் கருதப்பட்டது. ஜோனாஸ் ஹான்வே என்னும் கனவான் அதனைப் பொருட்படுத்தாது குடையுடன் நடந்தார். தெருவில் சென்றோர் அவரை ஏளனம் செய்தனர். அவர் 1786இல் மறைந்தார், குடையோ நிலைத்துவிட்டது. நூல்கள் கூறும் கதை இவ்வளவே. அதே காலத்திலும் அதற்குப் பின்னரும் நம் தென் திருவிதாங்கூரில் நிலைமை யாது? குடை பிடித்தலும், செருப்பு அணிதலும், பொன்னகை பூணுதலும், ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டுதலும் தாழ்ந்தவர் எனப்பட்ட சாதியாருக்கு மறுக்கப்பட்டிருந்தன. நம் நாஞ்சில் நாடோ இரு பருவமழையும் பெறும் நாடு. ஆனி ஆடியிலும் மழை. ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அம்மழையில் வயலில் நின்று நாற்று நட்டவர் எவரோ அவருக்குத்தான் குடை இல்லை. ஹான்வே பெற்றது ஏளனம். நம்மவர் குடை பிடித்திருப்பின் பெற்றிருக்கக் கூடியது அடி.

மற்றொன்றும் கூறுவோம். நாட்காட்டிப் படங்களில் தமிழ்ப் பெண்ணை வரைவோர் அவள் இடுப்பில் ஒரு குடத்தை வைத்தே வரைகின்றனர். அது நம் பண்பாட்டின் அழகு என்கின்றனர். இப்பகுதியில் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லுதலும் ஒரு தகுதியாகவே கொள்ளப்பட்டது; தாழ்த்தப்பட்ட பெண்கள் அவ்வாறு சுமத்தல் தடுக்கப்பட்டிருந்தது. தலையிலேயே சுமக்க வேண்டும். இடுப்புக் குடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எந்த ஓவியர் அறிவார்?

இனி இரவிக்கைக்கு வருவோம். நாம் விரிவாகப் பேச விரும்புவது இதுவே. சேலையுடன் இரவிக்கை அணியும் இன்றைய முறையைப் பரப்பியவர் வங்காளத்து ஞானதானந்தினி தேவி எனப் பல நூல்கள் எழுதுகின்றன. அவர் கவி தாகூரின் அண்ணியார். முதல் இந்திய ஐ.சி.எஸ். அலுவலரான சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவியார். 1860களில் கணவருடன் பம்பாய் மாகாணத்தில் வாழ்ந்தபோது பார்சிப் பெண்களின் உடையைக் கண்டு, அதனைத் தழுவித் தம் உடையை அமைத்துக்கொண்டார். வங்காளத்தைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்னரே, நம் ஊர்களில் தைத்த மேற்சட்டை ஒன்று அரசாங்க ஆணைக்குரிய பொருளாகிவிட்டது. அதன் பெயர் குப்பாயம்.

இக்கதை நம் மயிலாடியை விட்டுத் தொடங்க இயலாது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்திற்குத் திருவழிபாட்டுப் பயணம் சென்றவர், தஞ்சையில் கிறிஸ்தவ நெறி தழுவி வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்றுத் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில்தான் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே பள்ளி தோன்றியது. பிற்காலத்தில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் வித்து அதுவே. ஒரு சாம்பவர் நடந்து சென்று கல்வியை அழைத்து வந்தார் என்பதை, எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும், நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

அப்பள்ளிகளை ஒட்டியே குப்பாயம் பரவியது. 1814இல் திவான் மன்றோ துரையின் ஆணை வெளிவந்தது. கிறிஸ்தவம் தழுவிய பெண்கள், சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணியலாகாது என்பது அதன் கருத்து. கூர்ந்து நோக்குங்கள். மேனியை மூடலாமா கூடாதா என்பது மட்டும் அன்று வழக்கு. எவரைப் போல மூடலாம் என்பதே வழக்கு. பெண்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே குப்பாயத்தோடு நில்லாது, அதன்மேல் தோள்சீலையும் அணிந்து சந்தைக்குச் சென்றனர்.

விளைவு யாவரும் அறிந்ததே. 1822இல் கல்குளம் பகுதியில் பெண்களின் மேலாடைகள் பொதுவிடங்களில் கிழித்தெறியப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பு வழங்கியது. ஆயினும் கலகம் ஓயவில்லை. 1829இல் வந்த அரசு அறிவிப்பு குப்பாயத்தை ஒப்புக்கொண்டு, தோள்சீலையை மீண்டும் மறுத்தது. 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சட்டத்தில் விடுதலை வந்தவுடன் உடையிலும் அது தெரிந்துவிடுமோ என்னும் அச்சம் ஆதிக்கத்தார்க்கு உண்டாயிற்று போலும். 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் கலகம் பெரிதாக மூண்டது. சென்னை ஆளுநர் திரெவெலியன் திருவிதாங்கூர் அரசை வற்புறுத்தினார். 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் அறிவிப்பு வெளியாயிற்று. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், வேறெம்முறையிலும் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாது என்பது அதன் சாரம்.

45 ஆண்டுப் போராட்டத்திற்குப் பின்னும் 'அவர்களைப் போல மட்டும் வேண்டா' என்னும் அந்த வரி எஞ்சி நின்றது. மேலும், அவ்வறிவிப்பு பெயர் சுட்டியது நாடார் பெண்களை மட்டுமே. சாம்பவப் பெண்களைப் பற்றியோ புலையப் பெண்களைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இப்போராட்டத்தைச் சிலர் ஒரு சாதியின் பெருமையாக எழுதுகின்றனர். வேறு சிலர் பாதிரிமாரின் கொடையாக எழுதுகின்றனர். சந்தையில் துணி கிழிக்கப்பட்ட பின்னும் மறு சந்தைக்கு அதே உடையில் சென்ற பெண்ணுக்குத்தான் முதற்பெருமை உரியது என்பது நம் கருத்து. அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே நாகர்கோவில் 'லேஸ்' பின்னலைப் பற்றி ஒரு சொல். மால்ட் பாதிரியாரின் மனைவியார் மார்த்தா அம்மையார் 1820களின் தொடக்கத்தில் பெண்கள் பள்ளியில் இப்பின்னலைக் கற்பித்தார். பயின்றவருள் அடிமைச் சிறுமியரும் இருந்தனர். பின்னல் விற்ற பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்துப் பெற்றவர்களும் உண்டு. எவ்வூர்ப் பெண்களின் தோளில் துணி இருத்தலாகாது என்று கலகம் நடந்ததோ, அவ்வூர்ப் பெண்களின் கைப்பின்னல் கடல் கடந்து சீமைப் பெண்களின் உடையை அணி செய்தது. இன்று கடையில் லேஸ் வைத்த உடை வாங்கும் நம் பெண் பிள்ளைகள் இதனை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆண்களின் தலைப்பாகைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பதியினுள் செல்லும் ஆடவர் தலைப்பாகை கட்டியே செல்வர். வெளியூரிலிருந்து வருவோர் இதனை விந்தையாகக் காண்கின்றனர். தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களை நோக்கி, இறைவன் திருமுன் தலைப்பாகையோடு நில்லுங்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அய்யா பணித்தார். அவ்வழக்கமே இன்றும் தொடர்கிறது. 1893இல், நமக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, வேட்டி உடுத்தித் தலைப்பாகை கட்டி வில்வண்டியில் ஏறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் சென்றார். 1915இல் கொல்லத்துப் பெரிநாட்டுப் போராட்டத்தை ஒட்டிப் புலையப் பெண்கள், அடிமைக் குறியாகத் தாம் அணிந்திருந்த கல்மாலைகளைக் கூட்டத்தின் நடுவே அறுத்து எறிந்தனர். ஓரிடத்தில் அணிதல் போராட்டமாயிற்று. மற்றோரிடத்தில் கழற்றுதல் போராட்டமாயிற்று. 1927 டிசம்பரில் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் நம் பெண்களிடம் கூறியதும் இதுவே: சாதியைக் காட்டிக்கொடுக்கும் கனத்த வெள்ளிக் காப்புகளை விடுங்கள், பிற பெண்களைப் போலச் சேலையைக் கணுக்கால் வரை தழைய உடுத்துங்கள் என்றார். அப்பெண்கள் அவ்வாறே உடுத்தத் தொடங்கினர்.

"இவையெல்லாம் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கொடுமைகள், ஆங்கிலேயர் ஆண்ட தமிழகத்தில் இவ்வாறு இருந்திராது" என எண்ணுவோரும் உளர். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது, ஆடவர் இடுப்பிற்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது, சட்டை, கோட்டு, பனியன் கூடாது, கிராப்பு வெட்டலாகாது, மண்பாண்டமன்றி வேறு கலம் புழங்கலாகாது, பெண்கள் இரவிக்கையோ தாவணியோ கொண்டு மேனியை மூடலாகாது, பூச்சூடலாகாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. வானொலியும் பேசும் படமும் வந்துகொண்டிருந்த காலம் அது. இளைஞர்களே, நீங்கள் முடி திருத்தும் நிலையத்தில் அமர்ந்து விதவிதமாகக் கேட்கும் அந்தக் கிராப்பு, ஒரு காலத்தில் வீட்டைக் கொளுத்துவதற்குப் போதிய குற்றமாயிருந்தது.

நம் பெரியவர்கள் சிலர், "பையன்கள் கண்ணாடியும் சட்டையுமாகத் திரிகிறார்கள், காசைக் கரைக்கிறார்கள்" எனக் குறைகூறுவதை நாம் அறிவோம். கடன் வாங்கி ஆடம்பரம் செய்தலை நாமும் ஏற்கவில்லை. பாடநூல் வாங்கப் பணமில்லை எனக் கூறும் மாணவன் விலையுயர்ந்த காலணியோடு வந்து நின்றால் நமக்கும் சினம் வரத்தான் செய்கிறது. ஆயினும் சற்று நிதானிக்க வேண்டும். இரும்புப் பெட்டியில் தேய்த்த சட்டையை அணிந்து தெருவில் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்னும் ஆசை நேற்றுத் தோன்றியதன்று. ஏளனத்திற்கும் அடிக்கும் இடையே தலைமுறைகளாகக் காத்து வந்த ஆசை அது. அதே ஆசைதான் கல்வியிலும் வெளிப்பட்டது. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தலைப்பாகைக்காகவும் சாலைக்காகவும் போராடிய அய்யன்காளி, தம் சமுதாயத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும் என்பதைத்தான் தம் விருப்பமாகக் கூறினார் என்பர்.

இப்போது நம் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறோம். மத்திய பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில், உடையின் வரலாறு பற்றிய ஒரு பாடம் இருந்தது. நம் மாவட்டத்துத் தோள்சீலைப் போராட்டம் அதில் இடம்பெற்றிருந்தது. 2016 டிசம்பரில், அப்பகுதியிலிருந்து தேர்வில் வினா கேட்கலாகாது என மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் அப்பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் அப்போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் பேசினர். மகிழ்ச்சியே. ஆனால் விழா ஒரு நாளில் முடிந்துவிடும். பாடநூலில் இல்லாததை மாணவன் எங்கே படிப்பான்?

1859ஆம் ஆண்டு அறிவிப்பில் நம் பெண்களின் பெயர் இல்லை என்றோம். அவர்கள் முதன்முதல் இரவிக்கை அணிந்த ஆண்டு எந்த ஆவணத்தில் இருக்கும்? நம் பாட்டிமார் நினைவில்தான் இருக்கும். எண்பதைக் கடந்த பெண்கள் நம் குடியிருப்புகளில் இன்னும் சிலர் உள்ளனர். தம் தாயும் பாட்டியும் கூறியவை அவர்களுக்குத் தெரியும். 'சம்பர்' என்று அவர்கள் சொல்லும் அந்தச் சட்டையை முதலில் தைத்துக் கொடுத்தவர் யார்? துணியை எடுத்தது கோட்டாற்றிலா, வடசேரிச் சந்தையிலா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெரு எது? குடையை மடக்கச் சொன்னவர் எவரேனும் உண்டா? மடக்க மறுத்தவர் எவரேனும் உண்டா? அவர்களுடைய பேச்சுத் தமிழிலேயே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். திருத்துதல் ஆசிரியர்களின் நோய். அது உங்களுக்கு வேண்டா. ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மட்டும் தவறாமல் குறியுங்கள்.

இதற்கென நம் சங்க நூலகத்தில் தனி ஏடு ஒன்று வைப்பதற்குச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். விடுமுறை நாட்களில் இருவர் இருவராகச் செல்லுங்கள். மிக முதியவர்களிடமும் உடல்நலம் குன்றியவர்களிடமும் முதலில் செல்லுங்கள். ஏனையோரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.