விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது?

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கக் கிளம்பினால் ஒன்று கடலூர் சில்வர் பீச், இல்லையென்றால் சாமியார்பேட்டை. சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றுக்காக மேம்படுத்தப்போவதாகத் தமிழக அரசு அறிவித்த கடற்கரைகளில் இந்த இரண்டும் உண்டு. தமிழ்நாட்டில் அந்தச் சான்று முதலில் கிடைத்தது 2021-இல், செங்கல்பட்டு மாவட்டக் கோவளத்துக்கு. கழிப்பறை, உடைமாற்றும் அறை, சாய்வு நாற்காலி எல்லாம் வரும். வரட்டும். என் கேள்வி விளக்கைப் பற்றியது.

தை பிறந்துவிட்டால் இதே மணலுக்குப் பங்குனி ஆமை வருகிறது. இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் மாறி மாறி மண்ணை அள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி பறிக்கும். நூறு, நூற்றிருபது முட்டை. பிறகு குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, வயிற்று ஓட்டாலேயே மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஏறும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ மிரட்டினால் முட்டையிடாமலே திரும்பிவிடுவதும் உண்டு.

ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் வெளிவரும், பெரும்பாலும் ராத்திரியில். கடல் பக்கம் வானம் சற்று வெளுத்திருக்கும், மணல்மேட்டுப் பக்கம் இருண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் அவை வழி கண்டுபிடிக்கின்றன. சாலையோரம் உயர்கோபுர விளக்கு எரிந்தால் அதை நோக்கி ஓடும். அங்கே காத்திருப்பது நாய். தப்பியதை மறுநாள் வெயில் பார்த்துக்கொள்ளும்.

பொரிப்பகம் இருக்கிறதே என்பார்கள். வனத்துறை முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துக் காப்பாற்றுவது நல்ல வேலைதான். ஆனால் அது கரை கெட்டுப்போனதற்கான மாற்று ஏற்பாடு. அதைக் காட்டிக் கரையை மேலும் கெடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கடலோர ஊர்கள் பலவற்றில் விளக்குக்கென்றே சட்டம் உண்டு. தாழ்வாக, மூடி போட்டு, மணலில் விழாதபடி, செம்மஞ்சள் நிறத்தில் எரிய வேண்டும். அந்த நிறம் ஆமையை அவ்வளவாக இழுப்பதில்லை. நாமும் செய்யலாம். நடைபாதை மணல்மேட்டுக்குப் பின்னால் போகட்டும். சுத்தம் செய்கிறோம் என்று அடப்பங்கொடியைப் பிடுங்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நட்டதுபோல் அலைக்கு அருகே சவுக்கு வைக்கவும் வேண்டாம். வேரும் சருகும் பரவிய இடத்தில் ஆமை எப்படித் தோண்டும்?

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடலுக்கு வரும் மாதமும் ஆமை வரும் மாதமும் ஒன்றுதான். தீர்த்தவாரி பகலில், முட்டை ராத்திரியில், தகராறே இல்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கூட்டம் கலைந்த பிறகு, மணலைப் பார்த்து எரியும் விளக்குகளை மட்டும் அணைக்க, மேம்பாட்டு வரைபடத்திலேயே ஒரு சுவிட்ச் தனியாக வைத்துவிடலாம்.