திருவேரகம் எங்கே?



நக்கீரரின் திருமுருகாற்றுப்படை சொல்லும் ஏரகம் எந்த ஊர்? சோழநாட்டில் பிறந்த எவரும் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: இந்தக் கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் இருக்கும் சுவாமிமலை. நானும் அப்படியே நம்பி வளர்ந்தவன். ஆனால் திருமுருகாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஏரகத்தை மலைநாட்டுத் திருப்பதி என்கிறார். மலைநாடு என்றால் சேரநாடு. ஊர்ப்பெயரை அவர் சொல்லாமல் விட்டதால் குமரி மாவட்டத்து வேளிமலைக் குமாரகோயில் என்பார் சிலர். துளுநாட்டுச் சுப்பிரமணியா என்பார் வேறு சிலர்.

பாட்டிடமே கேட்போம் என்றால், அது பிடி கொடுப்பதில்லை. பரங்குன்றத்தைப் பாடும்போது கூடலாகிய மதுரைக்கு மேற்கே என்று திசை சொல்லி, சேற்று வயலையும் தாமரையையும் காட்டுகிற நக்கீரர், ஏரகத்துக்குத் தரும் 13 அடிகளில் குன்றையோ ஆற்றையோ பேசவே இல்லை. முழுக்க மனிதர்கள்தான். 48 ஆண்டு நோன்பு காத்தவர்கள், முத்தீ வளர்ப்பவர்கள், உடுத்த ஈரத்துணி உடம்பிலேயே உலர, தலைமேல் கை குவித்து ஆறெழுத்தை ஓதுபவர்கள்.

அந்த ஈரத்துணியைக் காட்டி, இது கேரள வழக்கம், ஆகவே உரைகாரர் சொன்னதே சரி என்று வாதிடுவோர் உண்டு. சுவாமிமலையில் ஒரு கிருத்திகைக் காலையில், காவிரியில் முழுகிவிட்டு, நனைந்த வேட்டி காலோடு ஒட்ட, கைகளை உச்சியில் குவித்தபடி ஏறிய ஒரு பெரியவருக்குப் பின்னால் நான் படியேறியிருக்கிறேன். அறுபது ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகளில் அவர் கால் பட்ட இடமெல்லாம் ஈரம். ஈரவேட்டியை வைத்து நாட்டெல்லை பிரிக்க முடியாது என்று அன்று பட்டது. மேலே நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டும்வரை சமவெளிதான். குன்றில்லாத வண்டல் நாட்டில் குமரனுக்காக எழுப்பிய கட்டுமலை அது.

'ஏர்' என்றால் கலப்பை, ஆகவே ஏரகம் உழவர் நாட்டில்தான் இருக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஏர் என்பதற்கு அழகு என்றும் பொருள் உண்டே! நான் உழவர் வீட்டுப் பிள்ளை. அந்த விளக்கம் எனக்கு இனிக்கிறது. இனிப்பதாலேயே அதைச் சான்றாக வைக்க அஞ்சுகிறேன்.

இந்த அச்சத்தை நமக்குக் கற்றுத் தந்தவர் இந்த ஊர்க் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தவர். வேங்கடராமன் என்ற அவருடைய பெயரை அவர் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாமிநாதன் என்று மாற்றினார். அது சுவாமிமலையில் குடியிருக்கும் தெய்வத்தின் பெயர். ஏரகத்தை மலைநாட்டில் வைக்கிற நச்சினார்க்கினியர் உரையோடு, திருமுருகாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டை 1889-இல் அச்சில் ஏற்றியவரும் அந்தச் சாமிநாதையரே. இனிக்காததையும் மறைக்காமல் தருவதுதான் பதிப்பு.

விவிலியம் சொல்லும் சீனாய் மலை எது என்பதிலும் இதே வழக்கு இருக்கிறது. எகிப்தின் ஜெபல் மூசா அடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டிலேயே மடம் எழுந்துவிட்டது. ஆயினும் நெகேவ் பாலையின் ஹர் கர்கோம் என்றும், சவூதியின் ஜெபல் அல்-லவ்ஸ் என்றும் வாதிடுவோர் இருக்கிறார்கள். அதனால் ஜெபல் மூசாவில் ஏறுகிறவர்களின் வழிபாடு பொய்யாகிவிடாது. அவர்கள் வழிபடுவதாலேயே இடம் உறுதியாகிவிடுவதும் இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய ஏரகம் சுவாமிமலைதான். அதில் எனக்கு ஐயமில்லை. நக்கீரர் பாடிய ஏரகம் அதுவே என்பதற்கு, என் மனம் எவ்வளவு விரும்பினாலும், போதிய சான்று இன்னும் கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்ததால்தான் இந்த வாதம் இத்தனை காலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். எந்த நூற்றாண்டின் ஏரகத்தைப் பேசுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நச்சினார்க்கினியரை மறுப்பவர்கள், இந்த அவை கேட்க அவர் உரையை வாசித்துவிட்டு மறுத்துப் பேசுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.