காட்டிடைத் தங்கல்



கொடைக்கானலுக்குச் சுற்றுலாச் செல்வோர் தவறாது காணும் இடங்களுள் ஒன்று பைன் மரக்காடு. 1906ஆம் ஆண்டளவில் பிரையன்ட் என்னும் ஆங்கிலேய அலுவலர் நடுவித்த மரங்கள் அவை என்பர். அத்தகைய காடுகளில் கூடாரமடித்து ஓர் இரவேனும் தங்கிவர வேண்டும் என்னும் விருப்பம் இன்று நகரத்து இளைஞரிடையே வளர்ந்து வருகிறது. மேலைநாடுகளில் இதற்கெனவே காடுகளில் பொது இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. படுக்கச் சமன்செய்த நிலம், சமைக்க ஓர் அடுப்பு, குடிக்கத் தண்ணீர் என்பனவே பெரும்பாலும் அங்குக் கிடைக்கும். அவ்வளவே போதும் என்று எண்ணுவோரே அங்குச் செல்கின்றனர்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பைன் மரமும் இல்லை, மலைக்குளிரும் இல்லை. ஆயினும், ஊரை விட்டு விலகிக் காட்டிடைத் தங்க வந்த ஒருவர்க்குப் பிறர் அமைத்துக் கொடுத்த படுக்கை, யாருக்காக யார் செய்தது என்னும் எழுத்துச் சான்றுடன் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிறது. சித்தன்னவாசல் என்றவுடன் அறிவர்கோயில் ஓவியமும் அதன் தாமரைப் பொய்கையுமே பலர் நினைவுக்கு வரும். அதே குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டம் வரை ஏறுவோர் குறைவு. பாறையில் வெட்டிய ஏழு அடிக்குழிகளில் கால்வைத்து ஏறிச் சென்றமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. இயற்கையாய் அமைந்த அக்குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலைவைக்கும் பக்கம் சற்றே உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே அமைத்துள்ளனர்.

அவற்றுள் மிகப் பழையதும் பெரியதுமான படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிப்பர். இன்னும் முந்தையது என்பாரும் உளர். எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுதி ஈதன் என்பவர்க்காகச் சிறுபோசில் இளையர் செய்த அதிட்டானம் இது என்பது அதன் பொருள். எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பது பொதுவான கருத்து. அவ்வாறாயின், நெடுந்தொலைவிலிருந்து வந்த ஒரு துறவிக்கு வேறோர் ஊரினர் கல்லைச் செதுக்கி இடம் செய்து தந்திருக்கின்றனர். வந்தவன் பெயருடன் அவன் பிறந்த ஊரையும் நாட்டையும் பொறித்தவர்கள், தங்களைப் பற்றி ஒரு சிறுதொடருக்கு மேல் எழுதிக்கொள்ளவில்லை. இவ்வடக்கம் பிற்காலக் கொடைக் கல்வெட்டுகளில் அரிதாகவே காணப்படுகிறது.

ஏனைய படுக்கைகளில் கி.பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டளவில் திருநீலன், திருப்பூரணன் முதலிய துறவியர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. முதற்படுக்கைக்கும் இவற்றுக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளேனும் கழிந்திருக்க வேண்டும். அத்தனை காலமும் ஓர் இடம் தங்குமிடமாகவே நீடித்தது என்பது எளிய செய்தியன்று.

சமணத் துறவியர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்கலாகாது என்பது அவர்தம் ஒழுக்கம். மழைக்காலத்தில் மட்டும், நடந்தால் சிற்றுயிர்கள் மிதிபடும் என்பதால் ஓரிடத்தில் தங்குவர். தமிழகத்துச் சமணக் குகைகள் பலவற்றின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதவாறு ஒரு காடி வெட்டப்பட்டிருப்பது இதனாலேயே. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவோர் செய்வதும் இதே வேலைதான். இத்தங்குமிடங்களைத் தமிழர் பள்ளி என்றனர். பள்ளி என்பது முதலில் படுக்கை. பின்னர்ப் படுக்கையுள்ள துறவியர் உறைவிடம். அங்கிருந்தோர் கற்பித்தமையால் இறுதியில் கல்விக்கூடம். இன்று குழந்தைகள் பையைச் சுமந்து செல்லும் இடத்தின் பெயருக்குள் ஒரு கற்படுக்கை கிடக்கிறது. தேனிமலையிலும் மலையத்துவசர் என்னும் துறவி தவம் செய்யக் கண்ட இருக்குவேள் மன்னன், அவர்க்குப் பள்ளிச்சந்தம் அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது.

துறவியின் தங்கலுக்கு நேர்மாறானது படையின் தங்கல். பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, 103 அடிகளுள் ஒரு பாசறையை முழுமையாக எழுப்பிக் காட்டுகிறது. காட்டாற்றங்கரையில் செடிகொடிகளை வெட்டி, வேட்டுவரின் சிற்றரண்களை அழித்து, முள்வேலி இட்டு, தழை வேய்ந்த பாடிவீடுகளைத் தெருத்தெருவாக அமைக்கின்றனர். பாசறை எழ வேண்டுமெனில் அங்கு முன்னரே வாழ்ந்தவரின் இடம் அழிய வேண்டும் என்பதைப் புலவர் நப்பூதனார் மறைக்கவில்லை. வில்லை ஊன்றி அதில் தூணிகளைத் தொங்கவிட்டிருக்கும் காட்சிக்கு அவர் தேர்ந்த உவமை, முக்கோலில் காவியாடையைத் தொங்கவிட்ட துறவி. போர்ப்பாசறைக்கு நடுவே துறவியை நினைத்த அந்நெஞ்சு வியப்புக்குரியது. நாழிகைக் கணக்கர் பொழுதறிவிக்க, யவனர் காவல் காக்க, புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் எண்ணி அரசன் உறங்காதிருக்கிறான். அப்பள்ளியறையின் மெத்தையைவிட ஏழடிப்பட்டத்துக் கல் நன்றாக உறக்கம் தந்திருக்கும்.

இலக்கியத்தையும் கல்வெட்டையும் விட்டுவிட்டு இன்றைய காட்சிக்கு வந்தால், திறந்தவெளித் தங்கலைத் தொழிலாகவே கொண்டவர் கிடைக்காரர். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு, கீதாரி ஒருவரின் தலைமையில் புதுக்கோட்டை வழியாகக் காவிரிக் கரை வரை செல்வர். அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போட்டால் அந்நிலத்துக்கு எரு. அதற்கு நெல்லோ பணமோ கூலி. வெட்டவெளியில் படுப்பது அவர்க்கு இன்பப்பயணம் அன்று.

எல்லா மக்களுக்கும் உரிய காட்டுத்தங்கல் ஒன்றும் இம்மாவட்டத்தில் இன்னும் உண்டு. மாசி மாதச் சிவராத்திரியன்று, பிழைப்புக்காகப் பல ஊர்களுக்குச் சிதறிய குடும்பத்தார் குலதெய்வக் கோயிலில் கூடுவர். ஐயனாரோ கருப்பரோ இருக்குமிடம் பெரும்பாலும் ஊர்ப்புறத்துக் கோயில்காடு. வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற பழைய மரங்கள் அங்கேதான் எஞ்சியுள்ளன. கல் மூன்று கூட்டிச் சமைப்பர். மரத்தடியில் பாய் விரிப்பர். தாத்தா பேரனுக்கு விண்மீன் காட்டுவார். அனுமதிச் சீட்டு கிடையாது.

சமஸ்தானக் காலத்தில் மன்னரின் வேட்டைக்கெனக் காக்கப்பட்ட காடுகளும் இங்கு இருந்தன. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974 சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தோன்றியதும் அதே 1974தான். காகித ஆலைக்கான தைலமரம் இங்குப் பெரும்பரப்பில் வளர்க்கப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அதுவும் காடே. கொடைக்கானல் பைன் காட்டைப் போன்றே வரிசையாக நிற்கும். உள்ளே புதர் இல்லை, பழம் இல்லை, பறவைக் குரலும் அரிது. அத்தோட்டங்களில் எழுப்பும் வரப்புகள் கண்மாய்க்கு வரவேண்டிய மழைநீரைத் தடுக்கின்றன என உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளை நம்பி வாழும் மாவட்டத்தில் இம்முறையீட்டைப் புறக்கணித்தல் தகாது. கோயில்காடுகளோ ஆண்டுதோறும் சுருங்குகின்றன. மரத்தை வெட்டிக் காங்கிரீட்டு மண்டபம் கட்டுவதே தெய்வத்துக்குச் செய்யும் சிறப்பு என்னும் எண்ணம் நன்கொடையாளரிடையே வேரூன்றிவிட்டது. நல்லெண்ணத்தால் விளையும் இக்கேடு தைலமரத்தினும் கடிந்துரைக்கத் தக்கது.

ஒரு சொல் எஞ்சியுள்ளது. பாசறை, பாடி, தங்கல் ஆகியவற்றின் இடத்தை இன்று பிடித்திருப்பது அரபு மொழியிலிருந்து வந்த முகாம். நாட்டுநலப்பணித் திட்ட மாணவர் ஏழு நாள் தங்குவதும் முகாம். கண் மருத்துவர் ஒருநாள் வந்து போவதும் முகாம். இதே மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் ஈழத்திலிருந்து வந்த தமிழர் குடியிருப்பனவும் முகாம்களே. அங்குப் பிறந்த குழந்தைகள் வளர்ந்து தம் பிள்ளைகளை அங்கிருந்தே பள்ளிக்கு அனுப்புகின்றனர். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று ஆக்கியது. முன்னிருந்த அடைமொழி போயிற்று. முகாம் என்னும் சொல் அப்படியே நிற்கிறது.