வாடகை வசூலித்தவன் மண்ணுக்குச் சொந்தக்காரனா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணிப்பொறி பற்றிப் பேச்சு என்றதும் சிலர் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள். இது பஸ்திக் கதைதான்.

கொல்கத்தா பஸ்தியில் குடியிருந்த பெரியவர்களுக்குத் தெரியும். மண் ஒருவருடையது. அதன்மேல் குடிசை கட்டி வாடகைக்கு விட்ட டிக்காக்காரர் இன்னொருவர். வாடகை கொடுத்தவர்கள் நாம். 1981-ல் மேற்கு வங்க அரசு சட்டம் போட்டு அந்த மண்ணை எடுத்துக்கொண்டது. அதுவரை, கதவைத் தட்டுகிறவனே சொந்தக்காரன் என்று எத்தனை பேர் நம்பியிருந்தோம்!

அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. கணிப்பொறி ஓட வேண்டுமானால் இயக்குதளம் வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் தகரப் பெட்டி. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் அப்படியொன்று. 1993-ல் நாவெல் கம்பெனி அதை வாங்கியது. 1995-ல் அந்த வியாபாரத்தை வேறொரு கம்பெனிக்கு விற்றது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் எஸ்.சி.ஓ. என்ற கம்பெனியிடம் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதினார்கள். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமையோடு, மூலநிரலோடு கொடுக்க வேண்டும். ஜி.பி.எல். என்ற அந்த உரிமத்தை எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஊர்ப் பொதுக்குளத்துக்கு எழுதிவைத்த பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் எஸ்.சி.ஓ. கிளம்பியது. "எங்கள் சரக்கை லினக்ஸில் போட்டுவிட்டார்கள்" என்று ஐ.பி.எம். மீது வழக்கு. 1,500 கம்பெனிகளுக்கு மிரட்டல் கடிதம். ஒரு பிராசஸருக்கு 699 டாலர் கட்டு என்றது. (ஐ.பி.எம். ஒன்றும் தர்மவான் அல்ல. அந்நியப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னதற்காக 1978-ல் இந்தியாவை விட்டே போன கம்பெனி அது. லினக்ஸில் லாபம் கண்டதால் நின்று போராடியது.)

கோர்ட்டில் பத்திரத்தைப் பிரித்தார்கள். பதிப்புரிமை விற்கப்படவே இல்லை! பழைய வாடிக்கையாளரிடம் உரிமப் பணம் வசூலித்து நாவெலுக்குச் செலுத்துவது, அதில் நூற்றுக்கு 5 கூலியாகப் பெறுவது, இதுதான் ஏற்பாடு. தண்டல்காரன் ஜமீன்தார் வேஷம் போட்டிருந்தான். பதிப்புரிமை நாவெலுடையதே என்று 2010-ல் ஜூரி சொன்னது. 500 கோடி டாலர் வரை கேட்ட ஐ.பி.எம். வழக்கு, 2021-ல் 1 கோடியே 42½ லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. எஸ்.சி.ஓ. 2007-லேயே திவால்.

வழக்கு நடந்த காலத்திலேயே, உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் துணிந்து சூசே லினக்சுக்கு மாறியது. சூசே அப்போது நாவெல் கையில்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. லினக்ஸ் விற்கிற கம்பெனியே யூனிக்ஸுக்கும் சொந்தக்காரனாக அமைந்தது நமது அதிர்ஷ்டம். 2011-ல் நாவெலே விலைபோனது. அதன் 882 காப்புரிமைகளை மைக்ரோசாப்ட், ஆப்பிள், ஆரக்கிள், இ.எம்.சி. கூட்டு 45 கோடி டாலருக்கு எடுத்தது. அவை ஜி.பி.எல்.லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை நிபந்தனை போட வேண்டியிருந்தது. நல்ல ஜமீன்தார் சாகலாம், விற்கலாம். எழுதிய பத்திரம் நிற்கும்.

நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். 2011 முதல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினியில் விண்டோசோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் தங்கை மகளுடையதில் பழுது பார்த்த கடைக்காரர் அதை அழித்துவிட்டார். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடையதைத் திறந்து பாருங்கள். அழிந்திருந்தால் திரும்ப ஏற்றலாம். காசும் வேண்டாம், யாரிடமும் அனுமதியும் கேட்க வேண்டாம்.